மூணு சுத்தமான ரிப்போர்ட்

இல்ல சார், முதல்ல அவரை எந்திரிக்கச் சொல்லுங்க. சீட்டுல இருக்கிறது உங்க பேரு. நாற்காலியில உக்காந்து சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு இருக்கிறது உங்க மச்சினன். என்ன, இங்க ரத்தம் எடுக்கிறவளுக்குக் கண்ணு தெரியாதுன்னு யாராவது சொல்லி அனுப்புனாங்களா? சீட்டுல வயசு நாப்பத்தி மூணுன்னு போட்டிருக்கு. இந்தத் தம்பிக்கு மீசையே இன்னும் ஒழுங்கா முளைக்கல.

தம்பி, நீங்க வெளியில போயி உக்காருங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க. பயப்படாதீங்க, போலீசுக்கெல்லாம் போன் பண்ணல.

நல்ல பையன். அக்கா புருசனுக்காக ஊசி குத்திக்க வந்துட்டான். அவனைப் போயி இதுல இழுத்து விட்டிருக்கீங்களே, உங்களுக்கே அசிங்கமா இல்ல?

உக்காருங்க. எப்படிக் கண்டுபிடிச்சேன்னா கேக்குறீங்க? இது பெரிய துப்பறியிற வேலையா? இந்த நீல மாத்திரை சாப்பிடுறவங்களை வாசப்படி ஏறும்போதே சொல்லிடுவேன். கையில ரெண்டு லிட்டர் பாட்டில் இருக்கும். உதடு காஞ்சு வெடிச்சுக் கிடக்கும். டோக்கன் எங்கன்னு கேக்கிறதுக்கு முன்னாடி பாத்ரூம் எங்கன்னு கேப்பாங்க. நீங்க வந்து முக்கா மணி நேரம் ஆகுது, அதுக்குள்ள மூணு தடவை போயிட்டு வந்தாச்சு. உங்க மச்சினன் உக்காந்த இடத்தை விட்டு அசையல, போனைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தான். கிட்னி பூரா நீர்க்கட்டி, அது வளராம இருக்க இந்த மாத்திரை சாப்பிடுற ஆளு முக்கா மணி நேரம் அப்படி உக்காருவானா? திருட்டுத்தனம் பண்றதுக்கும் கொஞ்சம் மூளை வேணும் சார்.

என்ன வேலை பாக்குறீங்க?

வாத்தியாரா! ரொம்ப நல்லாருக்கு. பரிட்சை ஹால்ல ஒருத்தன் இன்னொருத்தன் பேருல வந்து உக்காந்தா என்ன சார் பண்ணுவீங்க? வெளியில தள்ளி, அப்பன் ஆத்தாளைக் கூட்டிட்டு வாடான்னு கத்துவீங்கல்ல? இப்ப நான் யாரைக் கூட்டிட்டு வரச் சொல்றது? உங்க வீட்டம்மாவையா?

ஓ, அவங்க யோசனைதானா. பேஷ். குடும்பமே உக்காந்து பேசி முடிவெடுத்திருக்கீங்க.

இந்த ஒரு தடவை மட்டும்னா? எல்லாருக்கும் ஒரு தடவைதான் சார். பத்து தடவை பண்ணப் போறேன்னு சொல்லிக்கிட்டு யாரும் இந்த ரூமுக்குள்ள வந்ததில்ல.

சரி, போன மாசம் ஈரல் நம்பர் எவ்வளவு வந்துச்சு? அம்பத்தஞ்சு. நாப்பது வரைக்கும் இருக்கலாம், அம்பத்தஞ்சு வந்திருக்கு. இன்னும் ஏறுனா மாத்திரையை நிறுத்திடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாசாமாசம் ஈரல் ரிப்போர்ட் நல்லபடியா வந்தாத்தான் அடுத்த மாச டப்பாவையே கையில குடுப்பாங்க. அதனால அய்யா என்ன பண்ணீங்க, ஈரல் நல்லா இருக்கிற ஆளா பாத்துக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க. ஈரலைச் சரி பண்ண வேணாம், ரிப்போர்ட்டைச் சரி பண்ணாப் போதும்.

உங்களை மட்டும் சொல்லல. இந்த நாற்காலியில உக்காந்து ஆளுக்கு ஒரு வித்தை காட்டிட்டுத்தான் போயிருக்காங்க. ஒருத்தர் ரத்தம் குடுக்கிறதுக்கு முந்துன நாள் பூரா பட்டினி கிடந்துட்டு வந்து இங்கயே மயங்கி விழுந்தாரு. ஒரு அம்மா ஏதோ வேரைக் காய்ச்சிக் குடிச்சுட்டு வந்தாங்க, இருந்த நம்பர் ரெண்டு மடங்கா ஏறிடுச்சு. வந்து என்கிட்ட சண்டை, உங்க மிஷின் சரியில்லன்னு. இன்னொரு பெரிய மனுசன், படிச்சவரு, நாலு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வந்து...

என்ன சிரிக்கிறீங்க? நீங்களும் நிறுத்தியிருக்கீங்களா? நாலு நாளா? மச்சினனையும் கூட்டிக்கிட்டு வந்து, மாத்திரையையும் நிறுத்திட்டு வந்திருக்கீங்க. அடேங்கப்பா, ஒண்ணு போனா ஒண்ணு. ஈரல் என்ன உங்க வகுப்புப் பையனா சார், இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னைக்கு மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்கார?

இந்தக் கையை இங்க வைங்க. முழங்கையை நீட்டுங்க. ரப்பர் கட்டுறேன், கொஞ்சம் இறுக்கமா இருக்கும்.

கையை ஏன் இழுக்குறீங்க?

வேற லேபுக்கா? தாராளமாப் போங்க. எதிர்ப்பக்கம் ரெண்டு இருக்கு, பஸ் ஸ்டாப்புகிட்ட ஒண்ணு இருக்கு. எவனாவது ஒரு சோம்பேறி தலையைக்கூட நிமிர்த்தாம உங்க மச்சினன் கையில குத்தி உங்க பேரை ஒட்டிக் குடுப்பான். போறதுக்கு முன்னாடி ஒரு விசயம் சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. பாட்டிலை எடுத்துத் தண்ணி குடிங்க, நாக்கு ஒட்டுது உங்களுக்கு. ரப்பரை அவிழ்த்துடுறேன், ரொம்ப நேரம் கட்டி வச்சாலும் நம்பர் மாறும். வெளியில பதினாலு பேரு உக்காந்திருக்காங்க. இருக்கட்டும்.

துறைமுகத்துல கிரேன் ஓட்டுற ஆளு ஒருத்தர் இருந்தாரு. உங்க நோய்தான், உங்க மாத்திரைதான், உங்க டாக்டர்தான். காலையில பெரிய மாத்திரை ஒண்ணு, எட்டு மணி நேரம் கழிச்சுச் சின்னது ஒண்ணு. உங்களுக்காவது வகுப்புக்குப் பக்கத்துல பாத்ரூம் இருக்கும். அந்தாளு வேலை பாக்கிறது தொண்ணூறு படி ஏறி, மேல கண்ணாடிக் கூண்டுல. கீழ நிக்கிறவன் தலைக்கு மேல இருபது டன் பெட்டி தொங்கிக்கிட்டு இருக்கும், இவருக்கு அடிவயிறு முட்டிக்கிட்டு நிக்கும். என்ன பண்ணுவாரு? ஏறும்போது நாலு பாட்டில் தண்ணி கொண்டு போவாரு, இறங்கும்போது நாலு பாட்டிலும் நிறைஞ்சுதான் வரும். வேற தண்ணி. கூட வேலை பாக்கிறவனுங்க சும்மா விடுவானுங்களா? தண்ணி லாரின்னு பேரு வச்சுட்டானுங்க. லாரி வருது ஒதுங்குடான்னு கத்துவானுங்க. அந்தாளும் ஈன்னு இளிச்சுக்கிட்டுப் போவாரு. சூடு சொரணை கிடையாது. மாத்திரை இருக்குல்ல, அது போதும் அவருக்கு.

ஏன்னா அவங்க அம்மாவுக்கும் இதே நோய். ஆறு வருசம் மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டுக் கிடந்தாங்க. வாரத்துல மூணு நாள் கூட்டிக்கிட்டுப் போயி, நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்து, திரும்பத் தூக்கிக்கிட்டு வந்தது இவருதான். அப்ப இருபத்திரெண்டு வயசு. அந்த மிஷின் சத்தம் கேட்டா இவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துடும். கட்டி வளர்றதைத் தள்ளிப் போட மாத்திரை வந்திருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, சாமி வந்து நேர்ல பேசுன மாதிரி வீட்டுக்கு வந்தாரு.

மாத்திரை ஆரம்பிச்ச பத்தாவது மாசம் ஈரல் நம்பர் அம்பத்தெட்டு. உங்க கதைதான். இன்னும் ஏறுனா நிறுத்திடலாம்னு டாக்டர் சொன்னாரு. அந்தாளு வீட்டுக்கு வந்து பாத்ரூம் வாசப்படியில உக்காந்தவருதான், மத்தியானம் பூரா எந்திரிக்கல. மாத்திரையை நிறுத்துனா நான் கிரேன்ல ஏறுவேன், ஆனா படி வழியா இறங்க மாட்டேன்னு சொன்னாரு. ஆம்பளைங்களுக்கு வசனம் பேசத் தெரியிற அளவுக்கு வேற என்ன தெரியுது சொல்லுங்க. அதை ஒருத்தி நம்புனா பாருங்க, அவளைச் சொல்லணும்.

அவர் பொண்டாட்டி. என்னை மாதிரி இதே தொழில்தான், லேபுல ரத்தம் எடுக்கிறவ. பதினெட்டு வருச சர்வீஸ். திமிருன்னா திமிரு, அப்படி ஒரு திமிரு. டாக்டருக்குத் தெரியாததெல்லாம் தனக்குத் தெரியும்னு நெனப்பு. நம்பரைப் பாத்தே ஆளு எத்தனை நாள் தாங்கும்னு சொல்லிடுவேன்னு பீத்திக்குவா.

அவ என்ன பண்ணா, அடுத்த மாசம் வீட்டுலயே ஒரு ஞாயித்துக்கிழமை அவருக்கு ரத்தம் எடுத்தா. ரூல்படி லேபுக்கு வந்துதான் குடுக்கணும். வீட்டு ஆளுங்கதானேன்னு எங்க தொழில்ல எல்லாரும் பண்ற வேலைதான், யாரும் ஒத்துக்க மாட்டாங்க. திங்கக்கிழமை காலையில சீக்கிரமா வந்து, பேரு எதுவும் போடாம, டெஸ்ட்னு மட்டும் எழுதி மிஷின்ல வச்சா. முதல்ல நாம பாத்துக்குவோம், அப்புறம் டாக்டருக்கு அனுப்பலாம்னு.

தொண்ணூத்தாறு.

நாப்பதைப் போல ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. ரெண்டு மடங்கைத் தாண்டுனா மாத்திரையை நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் என்னன்னு தெரியாது. மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு மடிச்சு ஒரு காகிதம் வச்சிருக்கான் பாருங்க, பிரிச்சா மேஜை முழுக்க வரும். அதுல போட்டிருக்கான். அந்த அளவுல நிறுத்திட்டா பெரும்பாலும் ஈரல் தானா இறங்கி வந்துடும், இறங்குனப்புறம் டாக்டர் பாத்து மறுபடி ஆரம்பிக்கக்கூட வாய்ப்பு இருக்குன்னு. நிறுத்துறதுன்னா கதை முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்தக் காகிதத்தை அவ ஒரு நாளும் பிரிச்சதில்ல. நம்பர் தெரிஞ்சவளுக்குக் காகிதம் எதுக்கு?

கதவைத் தாழ்ப்பாள் போட்டா. இடது கையில ரப்பரைச் சுத்தி, ஒரு முனையைப் பல்லுல கடிச்சு இழுத்துக் கட்டிக்கிட்டு, வலது கையால தன் நரம்புலயே குத்திக்கிட்டா. டியூப் நிறைஞ்சுது. அதுல புருசன் பேரை ஒட்டினா. அவரோட ரத்தத்தைத் தொட்டியில ஊத்தித் தண்ணியைத் திறந்து விட்டா. அஞ்சு நிமிச வேலை சார். பதினெட்டு வருசத்துல ஒரு தடவைகூடப் பேரு மாத்தி ஒட்டாத கை அது.

ரிப்போர்ட் வந்துச்சு. ஈரல் இருபத்திரெண்டு. ஈரல் மட்டுமா? கூடவே கிட்னியோட நம்பரும் வரும்ல. கிரியாட்டினின் ஒண்ணே முக்கால்ல இருந்த ஆளுக்குப் பாயிண்ட் எட்டு. ஒரு கோளாறும் இல்லாத பொம்பளையோட கிட்னி. ஒரு டாக்டருக்கு அதைப் பாத்தா சந்தேகம் வரணுமா வேணாமா? ஒரே மாசத்துல இப்படி எப்படிய்யா இறங்கும், இன்னொரு தடவை எடுன்னு சொல்லணுமா வேணாமா? உங்க டாக்டர் சந்தோசப்பட்டாரு. மருந்து கேக்குதுன்னாரு. ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிசம், அதுல ஒரு நிமிசம் போன்ல பேசுவாரு, மிச்சத்துல என்னத்தைச் சந்தேகப்படுறது. அதே அளவு சாப்பிடுங்க, குறைக்கவே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு.

ரெண்டாவது மாசமும் அப்படியே பண்ணா. இந்தத் தடவை அவரோட ரத்தத்தை மிஷின்ல வைக்கவே இல்ல. பயம். நம்பரைத் தெரிஞ்சுக்கிட்டா ஏதாவது பண்ணணுமே. எடுத்தா, ஊத்தினா. அவ்வளவு பெரிய கெட்டிக்காரி பாருங்க.

மூணாவது மாசம்தான் சார் கொடுமை. ஞாயித்துக்கிழமை எடுத்த டியூபை ஃபிரிட்ஜ்ல நிக்க வச்சிருந்தா. காலையில பாத்தா ரத்தம் கீழ இறங்கி மேல தண்ணி தெளிஞ்சு நிக்குது. நல்ல ஆளுக்கு அது வெளிர் மஞ்சளா இருக்கும். இது பால் ஊத்தாத டீ நிறத்துல இருக்கு. மிஷின் வேணாம், நம்பர் வேணாம், இங்க கூட்டிப் பெருக்குற அம்மாகூட அதைப் பாத்துச் சொல்லிடுவாங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நல்லாத்தான் பாத்தா. பாத்துட்டு ஊத்திட்டா.

ஏன்னு என்னைக் கேக்குறீங்க? என்னத்தைச் சொல்றது. அந்நேரத்துக்கு உண்மையைச் சொன்னா முன்னாடி ரெண்டு மாசம் பண்ணதும் வெளியில வருமே. வேலை போகும். அதைவிட, வீட்டுல அந்தாளு மூஞ்சியைப் பாக்கணுமே. இந்த ஒரு மாசம் போகட்டும், அடுத்த மாசம் நிறுத்திடலாம்னு நெனச்சா. ஒரு தடவை மட்டும்னு நீங்க சொன்னீங்கல்ல, அதே மாதிரிதான். முட்டாள்னு சொன்னா முட்டாளுங்க கோவிச்சுக்குவாங்க.

அந்த வாரமே அவருக்கு அரிப்பு. கிரேன் படியில பாதி ஏறி மூச்சு வாங்கி நின்னுட்டாரு. கீழ கொண்டு வந்து படுக்க வச்சப்பதான் கண்ணு மஞ்சளா இருக்கேன்னு கூட இருந்தவன் சொல்லியிருக்கான். ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. மாத்திரையை நிறுத்தினாங்க. ஆனா என்ன ஏதுன்னு தேடுறதெல்லாம் வேற பக்கம். குடிப்பாரா? இல்ல. வெளியில கண்டதைச் சாப்பிட்டாரா? கிருமியா? போன வாரம் வரைக்கும் ஈரல் கண்ணாடி மாதிரி இருந்திருக்கு, மூணு மாச ரிப்போர்ட்டும் சுத்தம், அப்ப மாத்திரையா இருக்காதுன்னு ஆளாளுக்குத் தலையைச் சொறிஞ்சாங்க. அவ கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. வாயைத் திறக்கல. பத்தொன்பது நாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மகராசி சொல்லல.

செத்துட்டாரு சார். பின்ன என்ன, எழுந்து கிரேன் ஓட்டப் போயிட்டாருன்னா நெனச்சீங்க? காரணம் தெரியலன்னு எழுதி மூடிட்டாங்க.

இப்ப சொல்லுங்க, உங்க டாக்டர் உங்களுக்குத் தைரியம் சொன்னாரா இல்லையா? என்கிட்ட இந்த மாத்திரை சாப்பிட்டவங்கள்ல ஒருத்தருக்குக்கூட ஈரல் கெட்டதில்ல, டெஸ்ட்டெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்னு? ... சொல்லியிருப்பாரு. எல்லார்கிட்டயும் சொல்றாரு. பொய் சொல்லல பாவம், அவரோட ஃபைல்ல அப்படித்தான் இருக்கு. அதை நம்பித்தான் உங்க வீட்டம்மாவும் தம்பியை அனுப்பி வச்சிருக்காங்க.

கிரேன்காரருக்குத் தெரியுமான்னா? இல்ல, அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. தன் ரத்தம்தான் லேபுக்குப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு. அந்தப் பாயிண்ட் எட்டு வந்த அன்னைக்கு ரிப்போர்ட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, சாப்பிட உக்காந்தவரு சாப்பிடவே இல்ல. தட்டைத் தள்ளி வச்சுட்டுக் குழந்தை மாதிரி அழுதாரு. எங்கம்மாவுக்கு இந்த மருந்து கிடைக்காமப் போச்சே, எனக்குக் கிடைச்சிருக்குதேன்னு. மறுநாள் கிரேன்ல ஏறும்போது அந்தக் காகிதத்தையும் சட்டைப்பையில வச்சுக்கிட்டுப் போயி, தண்ணி லாரின்னு கூப்பிட்டவனுக்கெல்லாம் காட்டிட்டு வந்தாரு. உடம்பு அசதியா இருக்கு, சாப்பாடு பிடிக்கலன்னு நடுவுல ரெண்டு தடவை சொன்னாரு. அப்புறம் அவரே, ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே, வேலை அலுப்பா இருக்கும்னு சொல்லிக்கிட்டாரு.

அவர் சாப்பிடாம அழுதது எனக்கு எப்படித் தெரியும்னா? நல்ல கேள்வி கேக்குறீங்க சார். தட்டுல சோறு போட்டது நான்தானே.

கையைக் குடுங்க. இப்ப இழுக்க மாட்டீங்கன்னு நெனக்கிறேன். ரப்பரைக் கட்டிட்டேன், விரலை மடக்கி இறுக்கிப் பிடிங்க. இதோ, நல்ல நரம்பு. ஒரு எறும்புக்கடிதான், அங்க திரும்பிக்குங்க. ... ஆச்சு. விரலை விரிங்க. இது உங்க ரத்தம், இது உங்க பேரு, நீங்களே படிச்சுப் பாத்துக்குங்க. நாலு நாள் மாத்திரை சாப்பிடலன்னு ஓரத்துல குறிச்சிருக்கேன். ஏறியிருந்தா ஏறியிருக்கட்டும். நிறுத்தச் சொன்னா நிறுத்திட்டு, அப்புறம் என்னன்னு டாக்டரை உக்கார வச்சுக் கேளுங்க. வாத்தியார்தானே, கேள்வி கேக்கத் தெரியும்ல.

இந்தாங்க, உங்க சீட்டு. பின்பக்கம் திருப்பாதீங்க, டாக்டர் திருப்பட்டும். அதுல நாலு வரி எழுதியிருக்கேன். கிரேன்காரரோட அந்த மூணு ரிப்போர்ட்டும் யாரு ரத்தம், எந்தெந்தத் தேதின்னு. கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன். அவர் செத்து ஏழு மாசம் ஆச்சு, டாக்டர்கிட்ட நேர்ல போயிச் சொல்லலாம்னு ரெண்டு தடவை படி ஏறுனேன், பாதியிலயே இறங்கி வந்துட்டேன். மாடியில பன்னெண்டாம் நம்பர் ரூம், ஒரு மணி வரைக்கும் இருப்பாரு. பஞ்சை எடுத்துடாதீங்க, அஞ்சு நிமிசம் நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டே போங்க.